முப்பத்தொரு கரண்டைக்கால்கள்

பொய் சொல்லுவதற்கென்றே இஞ்ஞாசியம்மாள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்கு வந்தாள் என்று யாராவது சொன்னால், அந்த ஆள் அப்புறம் அவளுடைய கடற்கரை ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியாது. எடையில் ஒரு குன்றிமணி குறைக்காதவள் என்று மூன்று சந்தைகளில் பேர் எடுத்த கருவாட்டு வியாபாரி அவள். ஆனாலும் உண்மை அதுதான். டாக்டர் கார்த்திகேசன், "வலி இருக்காம்மா?" என்று கேட்பார். அவள், "ஒண்ணுமில்லய்யா, உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்" என்பாள். அவர் அதை ஒரு தாளில் குறித்துக்கொள்வார். அவள் திரும்பிப் போய்விடுவாள்.

வலி இருந்தது. ஆஸ்பத்திரியின் வழவழத்த தரையில் அது வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். தலையில் கூடையோடு கடற்கரை மணலில் நாலு எட்டு வைத்தால் போதும், இடது கரண்டைக்காலின் வெளிப்பக்கத்தில் ஊசி ஏற்றுவதுபோல் ஏறும். பாதம் சொன்ன பேச்சைக் கேட்காமல் வெளியே சாயும். இரண்டு நடையில் கொண்டுபோகும் சரக்கை இப்போது அவள் ஐந்து நடையாகப் பிரித்துச் சுமந்தாள். கேட்டவர்களிடம், வயதாகிறதல்லவா என்று சொல்லிவைத்தாள். அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது.

ஆனால் இதைப் போய் எந்த வாயால் அவரிடம் சொல்லுவது? தொண்ணூற்றைந்தாம் வருடம் தவக்காலத்தில், கரையில் கிடந்த வலைக்கயிற்றில் கால் மாட்டிக் கூடையோடு விழுந்தாள். பாதம் ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகத் திரும்பிவிட்டது. உளுந்த மாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்து மூங்கில் பத்தை வைத்துக் கட்ட ஆள் வந்துவிட்டார். அவள் புருசன் தொம்மைதான், விரல்கள் நீலம் பாரித்ததைப் பார்த்துப் பயந்து, ஐஸ் ஏற்ற வந்த வேனில் அவளைத் தூக்கிப்போட்டு மேட்டுத்தெரு தர்ம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். டாக்டர் சாப்பிட உட்கார்ந்தவர், கையை உதறிவிட்டு எழுந்து வந்தாராம். அந்த நிமிடமே மருந்து கொடுத்துப் பாதத்தை இழுத்து இடத்தில் வைத்தார். வீக்கம் வடிந்ததும் அறுத்து, உள்பக்க எலும்புக்குத் திருகாணியும் வெளிப்பக்க எலும்புக்குள் கம்பியும் வைத்தார். "இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா காலயே எடுத்திருக்கணும்க்கா" என்று நர்ஸ் மும்தாஜ் பேகம் பிற்பாடு சொன்னபோது, இஞ்ஞாசியம்மாள் கட்டிலில் கிடந்தபடியே சிலுவை போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றினால் டாக்டருக்கும் ஒன்று ஏற்றுகிறாள்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? காலைக் கொடுத்தவரிடம் போய், கால் கொஞ்சம் கோணல் என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். சொல்லாததோடு, வரும்போதெல்லாம் நல்ல நெய்மீன் கருவாடாகப் பார்த்து எடுத்து, வாழைச் சருகில் சுற்றி, அவர் மேசையில் வைத்துவிட்டுப் போவாள். அடுத்த முறை வரும்போது, "நல்லா இருந்துதாய்யா?" என்று கேட்பாள். "அருமையா இருந்துதும்மா" என்பார் அவர். அதைக் கேட்டுவிட்டுப் போனால் ஊர் போய்ச் சேரும்வரை அவளுக்குப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் சுகமாக இருக்கும்.

தொண்ணூற்றாறு மார்ச்சில், ஒரு வருடக் கணக்குக்காக வரச்சொல்லி டாக்டரிடமிருந்து கார்டு வந்தது. போனாள். அன்றைக்கு அவர் வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தார். கையில் அந்தத் தாள். வெளிநாட்டில் யாரோ போட்ட கேள்விகளை அவரே தமிழில் எழுதி வைத்திருந்தார். மாடிப்படி ஏறமுடியுதா? குத்தவைக்க முடியுதா? ஓடமுடியுதா? குதிக்க முடியுதா? விளையாட்டு?

"ஓடுதேன், குதிக்கேன், எல்லாஞ் செய்யுதேன்யா" என்றாள் இஞ்ஞாசியம்மாள். விளையாட்டு என்றதற்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த வயசில பாண்டி ஆடச் சொல்லுதியளா?"

டாக்டரும் சிரித்தார். அப்புறம், அவளுக்குப் புரியவேண்டும் என்பதைவிட யாரிடமாவது சொல்லவேண்டும் என்ற சந்தோசத்தில் சொன்னார்.

"முன்னால எல்லாம் கரண்டையில உள்பக்க எலும்புதான் ராசான்னு நெனச்சாங்கம்மா. இப்ப வெளிநாட்டுல, இல்ல, வெளிப்பக்க எலும்புதான் முக்கியம், அது ஒரு நூல் குட்டையானாலும் பாதம் சாஞ்சிரும், பெருசா அறுத்துத் தகடு வச்சே ஆகணும்னு எழுதுதாங்க. அவங்க ஊருக்கு அது சரி. இங்கன வெயிலு, வேர்வை, வயக்காட்டுச் சேறு. பெரிய புண்ணுன்னா சீழ் வைக்கி. நான் சின்னக் கீறல்ல கம்பிய மட்டும் விடுதேன். எக்ஸ்ரே படத்துல ஒரு நூல் குட்டையாத்தான் தெரியுது. ஆனா முப்பத்தொரு பேருல ஒருத்தருக்காவது வலி இருக்கா? இல்லயே! அடுத்த மாசம் மதுரையில டாக்டர்மார் கூட்டத்துல இதத்தான் வாசிக்கப் போறேன்."

முப்பத்தொரு பேரில் தானும் ஒருத்தி என்று இஞ்ஞாசியம்மாளுக்குப் பெருமையாக இருந்தது. கடற்கரை மணலும் ஒரு கணம் நினைவுக்கு வந்தது. அதை அவள் கண்டுகொள்ளவில்லை.

"ஒரு உபகாரம் பண்ணணும்மா" என்றார் டாக்டர். "வார்டுல கோமுன்னு ஒரு பிள்ள. சேரன்மகாதேவிப் பக்கம். கதிர்க்கட்டுச் சொமந்துட்டு வரப்புல போகையில வழுக்கி, உங்கள மாதிரியே ரெண்டு பக்கமும் ஒடிச்சிருக்கு. நாளைக்குக் காலையில ஆப்பரேசன். பயந்து சாகுது. நீங்க வந்து நடந்து காட்டுனா தெம்பு வரும்."

கோமு முப்பதைத் தாண்டாதவள். வார்டின் ஓரக்கட்டிலில் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தாள். டாக்டர், "இந்தா, இவங்களப் பாரு. இவங்களுக்கும் இதே முறிவு, இதே கம்பிதான்" என்றார். இஞ்ஞாசியம்மாள் சேலையை ஒரு விரற்கடை தூக்கிப் பிடித்துக்கொண்டு வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். திரும்பியும் வந்தாள். வழவழத்த தரை. கல்யாணப் பெண் மாதிரி நடந்தாள் என்றுதான் சொல்லவேண்டும்.

கோமு கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, சொமடு தூக்குதீயளா?"

"தூக்குதேனே."

"வலி?"

டாக்டர் பக்கத்தில் நின்றார். இஞ்ஞாசியம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். "நல்லா இருக்குத்தா" என்றாள். கோமுவின் கண் கலங்கி, முகம் தெளிந்தது. மும்தாஜ் நீட்டிய சம்மதத் தாளில் அப்போதே கையெழுத்துப் போட்டாள்.

வாசல்வரைக்கும் மும்தாஜ் கூட வந்தாள். அன்றைக்குக் கொண்டுவந்த கருவாட்டுப் பொட்டணம் மும்தாஜ் கையில் இருந்தது. "இதையும் வீட்டுக்குக் கொண்டு போறேன்க்கா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இதையும்னா?"

மும்தாஜுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கோவிச்சுக்கிடாதீங்க. டாக்டரு சைவப்பிள்ளமாருல்லா. முட்டயக்கூடத் தொட்டதில்ல. நீங்க இதுவரைக்கும் குடுத்த மீனெல்லாம் மேலப்பாளையத்துல எங்க வீட்டுலதான் பொரிஞ்சுது."

"அருமையா இருந்துதுன்னு சொன்னாரே!"

"பெறவு என்ன சொல்லுவாரு? அம்புட்டு தூரத்துல இருந்து ஆசையாக் கொண்டாறீய. உங்க மனசு நோகுமேன்னுதான்."

இஞ்ஞாசியம்மாளுக்கு முதலில் வந்தது கோபம். சைவக்காரர் மேசையில் ஒரு வருடமாகக் கருவாட்டை வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம், ஒருத்தராவது சொல்லக்கூடாதா! பஸ் நிறுத்தம்வரைக்கும் தனக்குத்தானே ஏசிக்கொண்டே போனாள். கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்து பஸ் ஒன்று வந்து நின்றது. அவள் ஊர்ப் பஸ்தான். கம்பியைப் பிடித்து வலது காலைப் படியில் வைத்தவள், இடது காலைத் தூக்கவில்லை.

அவர் மனசு நோகுமே என்றுதானே நானும் சொன்னேன்.

மீன் சங்கதி பரவாயில்லை. அவர் சொன்ன பொய்யால் மும்தாஜ் வீட்டில் ஒரு சட்டி நிறைந்தது. நான் சொன்ன பொய் நாளைக்குக் காலையில் அந்தப் பிள்ளையின் காலுக்குள் போகப்போகிறது. அப்புறம் மதுரைக்குப் போகும். அங்கிருந்து எத்தனை ஊர் டாக்டர்களோ, எத்தனை கால்களோ! "ஏறுதீயளாம்மா, இல்லயா?" என்று கண்டக்டர் கத்தினார். அவள் இறங்கிவிட்டாள்.

மேட்டுத்தெரு பேருக்கேற்ற மேடு. அந்த வெயிலில் அதில் ஏறும்போது கரண்டை தன் வேலையைக் காட்டியது. முதல்முறையாக அவள் அதை மறைக்காமல் நொண்டிக்கொண்டே நடந்தாள். மாதாவே, அவருக்குக் கோபம் வரட்டும், இனி வராதே என்று என்னை விரட்டட்டும், அதைத் தாங்கிக்கொள்ளுகிறேன், ஆனால் அவர் முகம் வாடினால் நான் எப்படிப் பார்ப்பேன் என்று வழியெல்லாம் புலம்பினாள்.

டாக்டர் அறையில் தனியாக எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் பிடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். "என்னம்மா, எதையும் மறந்துட்டீங்களா?"

"அய்யா, எனக்கு வலிக்குதுய்யா."

"இப்ப தடுக்கிட்டீங்களா?"

"இப்ப இல்ல. ஒரு வருசமா."

அவர் படத்தைக் கீழே வைத்தார். அந்த முகம் வாடியதை அவள் பார்த்துவிட்டாள். அவள் பயந்ததைவிட மோசமாக வாடியது. "ஒவ்வொரு தடவயும் கேட்டேனேம்மா" என்றார். கோபமே இல்லாத அந்தக் குரல்தான் அவளை அழவைத்தது.

"மீனு நல்லா இருந்துதான்னு நானும்தான் ஒவ்வொரு தடவயும் கேட்டேன். நீங்க என்ன சொன்னீய?"

டாக்டர் காதுவரைக்கும் சிவந்துபோனார். அப்புறம் அவர் நாற்காலியை இழுத்து அவளுக்கெதிரே போட்டு உட்கார்ந்தார். "எப்ப வலிக்கு? எங்கன வலிக்கு? ஒண்ணும் விடாமச் சொல்லுங்க."

"தரையில இல்லய்யா. சொமட்டோட மணல்ல நடக்கையில. நீங்க ஓடுதியா குதிக்கியான்னு கேக்குதிய. மணல்ல சொமக்கியான்னு உங்க தாளுல இல்லயே?"

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கட்டட வேலைக்காகக் கொட்டின ஆற்று மணல் குவிந்து கிடந்தது. டாக்டர் அவளை அங்கே அழைத்துப்போனார். ஒரு சாக்கில் பாதி மணலை அள்ளிக் கட்டி, அவரும் மும்தாஜும் சேர்ந்து அவள் தலையில் ஏற்றினார்கள். பத்து எட்டுதான் நடந்தாள். டாக்டர் குனிந்து அவள் தடங்களைப் பார்த்தார். வலது பாதம் நேராகப் பதிந்திருந்தது. இடது தடம் ஒவ்வொன்றும் வெளியே திரும்பி, உள்ளோரம் ஆழமாகக் குழிந்து கிடந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், மணலில் மறைக்கமுடியாது. அவர் அங்கேயே, வேட்டி அழுக்காவதையும் பாராமல், மணல்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்குக் கோமுவுக்கு ஆப்பரேசன் இல்ல" என்றார் மும்தாஜிடம். "மதுரையில இருந்து தகடு வர ஆறு நாளாகும். வந்த பெறகு வச்சுக்கிடுவோம்."

கோமுவின் புருசன், ஆறுநாள் கழித்தா, வயலில் அறுப்பு வேலை கிடக்கே என்று முணுமுணுத்தான். இஞ்ஞாசியம்மாள் அவனைத் தனியே கூப்பிட்டு, தன் இடது காலைக் காட்டி, என்ன சொல்லவேண்டுமோ அதைச் சொன்னாள். கோமுவிடமும் போய் நின்றாள். "உங்கிட்டப் பொய் சொல்லிட்டேன்த்தா" என்றாள். கோமு அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "திரும்பி வந்தீயளே" என்றாள்.

தகடு வந்தது, டாக்டர் வைத்தார். எலும்பை ஒரு நூல்கூடக் குட்டையாக விடாமல் இழுத்துப்பிடித்து வைத்தாராம். புண் ஆறும்வரை தினமும் இரண்டுமுறை அவரே கட்டைப் பிரித்துப் பார்த்தார் என்று மும்தாஜ் சொன்னாள். சீழ் வைக்கவில்லை.

ஏப்ரலில் முப்பத்தொரு பேருக்கும் கார்டு போனது. ஞாயிற்றுக்கிழமை விடியவும் குறுக்குத்துறை ஆற்று மணலுக்கு வரவும், தூக்கும் சுமை எதுவோ அதையும் கொண்டுவரவும் என்று எழுதியிருந்தார். இருபத்தாறு பேர் வந்தார்கள். தாமிரபரணி கோடைக்கு ஒடுங்கி ஓரமாக ஓடியது. உடன்குடியிலிருந்து வந்தவர் கருப்பட்டிச் சிப்பத்தோடு நின்றார். ஒருவர் சிமெண்டு மூட்டையோடு, ஒருத்தி விறகுக் கட்டோடு, மேலப்பாளையத்து ஜவுளி வியாபாரி அகமது மீரான் தோளில் துணி மூட்டையோடு. முருகன் கோவிலுக்கு வந்தவர்களெல்லாம், ஏதோ கட்சி ஊர்வலம் என்று வேடிக்கை பார்த்தார்கள்.

சொல்லிவைத்தாற்போல எல்லாரும், "நல்லா இருக்குய்யா" என்றார்கள். இஞ்ஞாசியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏ, அய்யா என்ன உங்க சம்மந்தகாரரா, கொற சொன்னா கோவிச்சுக்கிட்டுப் போறதுக்கு? நடந்து காட்டுங்கவே!"

நடந்தார்கள். உடன்குடிக்காரர் ஆறாவது எட்டில் சிப்பத்தை இறக்கிவிட்டார். "எல்லாம் உங்களுக்குக் கொண்டாந்த கருப்பட்டிதான்யா. வலின்னு சொன்னா நீங்க வாங்கமாட்டியளோன்னு..." என்று இழுத்தார். அகமது மீரான் அண்ணாச்சி, "அந்தத் தாளுல மூணு தடவ பொய் சொல்லியிருக்கேன், அல்லா மன்னிக்கட்டும்" என்றார். இருபத்தாறு பேரில் பதினான்கு பேரின் தடங்கள் வெளியே திரும்பியிருந்தன. டாக்டர் ஒவ்வொரு தடத்தின் பக்கத்திலும் உட்கார்ந்து அளந்து எழுதினார். எழுத எழுத அவர் தலை குனிந்துகொண்டே போனது. கடைசி ஆள் போனபிறகு இஞ்ஞாசியம்மாள் மட்டும் நின்றாள்.

"உங்க பெருமயக் கெடுத்துட்டேன்யா."

"பெருமையா?" அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பத்து வருசமா நான் நல்லா இருக்கான்னு கேட்டேன், எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க. மதுரையில போயி அதையே வாசிச்சிருப்பேன், எத்தன டாக்டர்மாரு கேட்டுட்டுப் போயி அதையே செஞ்சிருப்பாங்க. உங்களுக்கு நான் செஞ்சது என் வேலைம்மா. நீங்க எனக்குச் செஞ்சதுக்கு நான் என்ன திருப்பித் தரமுடியும், சொல்லுங்க" என்று இரண்டு கையையும் கூப்பினார். அவள் பதறிப்போய் அந்தக் கைகளைப் பிடித்துப் பிரித்தாள். பெரியவர் கும்பிடலாமா? ஆனால் அந்தக் கணம் அவள் மனசு நிறைந்த நிறைவு, ஆயுசுக்கும் போதும்.

மதுரையில் அவர் தன் முறை தவறிய கதையைத்தான் வாசித்தார். மணலுக்கு ஏன் போனீர்கள் என்று ஒரு பெரிய டாக்டர் கேட்டாராம். மீன்காரம்மா ஒருத்தர் சொன்னார் என்றாராம். சபை சிரித்தது, அவர் சிரிக்கவில்லை என்று கூடப் போயிருந்த மும்தாஜ் வந்து சொன்னாள்.

தடம் திரும்பிய பதினான்கு பேரையும் அவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். இஞ்ஞாசியம்மாளிடமும் சொன்னார். "மறுபடி அறுத்து, எலும்ப நீட்டித் தகடு வைக்கலாம். கொஞ்சமாவது குறையும்னு நெனைக்கேன். முழுசாப் போயிரும்னு சொல்ல மாட்டேன்." அவர் இப்படி உள்ளதை உள்ளபடி சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் வியாபாரியில்லையா? "அந்தக் கோமு சொமடு தூக்கட்டும்யா. பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றாள்.

கார்த்திகை மாதம், பிசானப் பருவத்து நெல் நடவு நேரம், சேரன்மகாதேவிக்குப் போனாள். மழைவிட்ட காலை. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் கட்டிய வயல். கோமு நாற்றங்காலிலிருந்து நாற்றுமுடிகளைச் சும்மாட்டின்மேல் அடுக்கிச் சுமந்துகொண்டு வரப்பில் வந்தாள். அவளைக் கண்டதும், "யக்கா!" என்று வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

"கால் எப்படிடீ இருக்கு?"

"நல்லா இருக்குக்கா."

இஞ்ஞாசியம்மாளுக்குச் சப்பென்று போயிற்று. இந்தப் பதில் அவளுக்குத் தெரியாதா? இதே பதிலை இதே சிரிப்போடு எத்தனை தடவை அவளே சொல்லியிருக்கிறாள்! "எங்கிட்ட மறைக்காத. மாதா மேல ஆணையாச் சொல்லு, வலிக்குதா, வலிக்கலயா?"

கோமு பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போது பார்த்து எவனோ விட்ட வெள்ளாடு ஒன்று நாற்றங்காலில் இறங்கி, பச்சை நாற்றில் வாயை வைத்தது. "ஏ, சனியனே!" என்று கத்திக்கொண்டு கோமு ஓடினாள். தலைச்சுமையை இறக்கத் தோன்றவில்லை. காலைப் பார்க்கவும் தோன்றவில்லை. ஒரு சாண் அகல வரப்பில், சேறு தெறிக்க, ஒரு கையால் நாற்றைப் பிடித்துக்கொண்டு, மடையைத் தாண்டிக் குதித்து, ஆட்டின் பின்னாலேயே அடுத்த வயல்வரைக்கும் ஓடினாள்.

"ஏட்டி, பையப் போடீ!" என்று கத்தினாள் இஞ்ஞாசியம்மாள். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது. பக்கத்து வயலில் நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இங்கன இருந்து பாளையங்கோட்டைக்கு அடுத்த பஸ் எப்பம்மா?" என்று அவர்களிடம் கேட்டாள்.